முதல் கொப்பரை ஏழரைக்கு இறங்கும்

குழு: பாம்பாற்றங்கரைச் சொந்தங்கள் (கோவில்கடவு, மறையூர், கேரளத்து இடுக்கி மாவட்டம்)

நான்: எல்லோருக்கும் வணக்கம். கோவையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் 14 பேரும் ஆசிரியர்கள் 2 பேரும் வருகிற சனிக்கிழமை நம் ஊருக்கு வருகிறார்கள். விடுதி வேண்டாம், ஊர்க்காரர்களோடு ஒரு நாள் இருக்க வேண்டும் என்கிறார்கள். வெல்ல ஆலை, முனியறை என்கிற பழங்காலக் கல்லறைகள், தென்காசிநாதர் கோவில், மதியச் சாப்பாடு நம் வீட்டில். யார் எதை எடுத்துக்கொள்கிறீர்கள்?

ஆலை மாமா: சனிக்கிழமை ஆலை ஓடும். பத்து மணிக்கு வந்தால் பாதி வேலை முடிந்திருக்கும் பாப்பா. பாகு காய்ச்சுகிற முதல் கொப்பரை அடுப்பிலிருந்து ஏழரைக்கு இறங்கும், அதற்கு முன்னால் வரச் சொல். பாகு பதம் பார்ப்பது, மரத் தொட்டியில் ஊற்றிக் கிளறுவது, கை பொறுக்கிற சூட்டிலேயே உருண்டை பிடிப்பது, இதையெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டும். கரும்புச் சக்கையைத்தான் காயவைத்து அடுப்பில் போடுகிறோம் என்பதையும் பார்க்கட்டும்.

தம்பி: ஏழரைக்கு என்றால் விடியும் முன்பே சின்னார்க் காட்டுக்குள் வண்டி வர வேண்டும். யானை நிற்கிற சாலை. வேண்டாம் மாமா.

மேல்வீட்டு அக்கா: வெள்ளிக்கிழமை மாலையே வந்துவிடட்டும். என் வீட்டில் இரண்டு அறை சும்மாதான் கிடக்கிறது. பெண் பிள்ளைகள் என்னோடு, பையன்கள் உங்கள் திண்ணை அறையில்.

நான்: நன்றி அக்கா. ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கி, தங்கும் வீட்டுக்கும் ஆலைக்கும் சமையலுக்கும் அன்றைக்கே பிரித்துக் கொடுத்துவிடுகிறேன். கணக்கு இந்தக் குழுவிலேயே வரும்.

சித்தப்பா: எல்லாம் சரி. ஆனால் ரோட்டோரம் நம் கரும்புக் காட்டைக் கூடார விடுதிக்குக் குத்தகைக்குக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார். மாதா மாதம் பணம் வரும். ஒரு நாளைக்குப் 16 பேரை வைத்து நாம் என்ன சம்பாதிக்கப் போகிறோம்? கரும்பில் கூலியே தேறவில்லை.

நான்: சித்தப்பா, கூலி தேறாதது உண்மை. அதனால்தான் சொல்கிறேன். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படியும் எங்கிருந்தோ வந்த வெல்லத்தை நம் ஊர்ப் பெயர் போட்டு ரோட்டுக் கடைகளில் விற்கிறார்கள். கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அதை வாங்க மாட்டார்கள், மாமாவிடம் நேராகக் கேட்டு வாங்குவார்கள். கரும்பை அழித்துக் கூடாரம் போட்டால் அவர்களுக்குக் காட்ட நம்மிடம் என்ன இருக்கும்? நிலமும் போய், நாம் அங்கே பாத்திரம் கழுவத்தான் போக வேண்டியிருக்கும்.

தம்பி: பக்கத்திலேயே காந்தளூரைப் பாருங்கள். 2023-இல் ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் தங்கம். பஞ்சாயத்தும் கேரள அரசின் பொறுப்புச் சுற்றுலா மிஷனும் சேர்ந்து செய்த வேலை. நாமும் அந்த மிஷனில் பதிவு செய்யலாம், நான் விசாரிக்கிறேன்.

அத்தை: காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கும் குறியீடு உண்டு, அதையும் சொல்லுங்கள். பரணில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பூண்டுக் குழம்பு, ராகிக் களி, மொச்சைப் பொரியல், கடைசியில் வெல்லமும் தேங்காயும். பிரியாணி கேட்டால் நான் செய்ய மாட்டேன்.

பெரியப்பா (குரல் செய்தி, தம்பி எழுத்தில்): முனியறைக்கு நான் கூட வருகிறேன். சின்ன வயதில் அந்தப் பாறையில்தான் ஆடு மேய்த்தோம். முனிவர் தவமிருந்த இடம், பாண்டவர் மறைந்திருந்த ஊர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெருங்கற்காலத்து ஆட்கள் இறந்தவர்களுக்காகக் கட்டியது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். இரண்டையும் சொல்லலாம், ஒன்றை மறைக்க வேண்டாம். பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரே கல்லை மூடி வைத்திருக்கிறார்கள், சுண்ணாம்பும் கிடையாது, சிமெண்டும் கிடையாது. இத்தனை காலம் நின்றதை இப்போது மூடுகல்லில் ஏறி உட்கார்ந்து படம் பிடித்தே சாய்க்கிறார்கள். சில கல்லில் பெயர் கிறுக்கியிருக்கிறது. போன மாதம் ஒரு முனியறைக்குள் பாட்டில் கிடந்தது, நானே பொறுக்கினேன், மனசு ஆறவில்லை. ஏறமாட்டோம் என்று ஒப்புக்கொண்டால்தான் கூட்டிப்போவேன். ஏழேழு பேராக வரட்டும்.

நான்: சரி பெரியப்பா, இன்றைக்கே ஆசிரியரிடம் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், முதுவான் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குள் கேமராவோடு போக வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்கிறேன். தூவானம் அருவிக்குப் போவதென்றால் சின்னாரில் வனத்துறை ஏற்பாட்டில், மலைக்குடிகளைச் சேர்ந்த வழிகாட்டிகளோடு மட்டும். அவர்கள் கூலியை நாம் பறிக்கக் கூடாது.

மேல்வீட்டு அக்கா: 2030-இல் குறிஞ்சி பூக்கும்போது வருகிற கூட்டத்தை நினைத்தால்தான் பயம். இந்த ஒழுங்கெல்லாம் இப்போதே பழகினால்தான் உண்டு.

சித்தப்பா: குத்தகைக்காரருக்கு நான் இன்னும் வார்த்தை கொடுக்கவில்லை. சனிக்கிழமை ஆலைக்கு வருகிறேன், கணக்கையும் பார்க்கிறேன். அப்புறம் பேசுவோம்.

ஆலை மாமா: வா மாப்பிள்ளை. உருண்டை பிடிக்க ஒரு கை குறைகிறது. பாப்பா, கொப்பரைப் பக்கம் ஒரு நேரத்தில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது, பாகு தெறிக்கும்.

அத்தை: ஓட்டுநரைச் சேர்த்து 17 பேர்தானே? வெள்ளிக்கிழமை இரவே மொச்சை ஊறப்போட வேண்டும், சரியாகச் சொல்.