திடலில் ஒரு நாய், ரிங்குக்குள் வேறொரு நாய்: உங்கள் அனுபவம் என்ன?

ஜெர்மன் ஷெப்பர்ட் வைத்திருப்பவர்

ஒபீடியன்ஸ் போட்டிக்கு, அதாவது நாய் கட்டளைக்குக் கீழ்ப்படிவதைச் சோதிக்கும் போட்டிக்கு, நாயைத் தயார் செய்கிறவர்களிடம் ஒரு கேள்வி. பயிற்சித் திடலில் ஹீல் போகும்போது (என் இடது பக்கம் ஒட்டி நடக்கும்போது) என் நாய் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுப்பதே இல்லை. கூப்பிட்டால் பாய்ந்து வருவாள், எதிரில் நேராக உட்காருவாள். அவளே கயிறு கட்டிய போட்டி ரிங்குக்குள் நுழைந்ததும் காதைப் பின்னால் மடக்கிக்கொள்கிறாள், தரையை முகர்கிறாள், கூப்பிட்டால் நடந்து வருகிறாள். மற்றவர்களின் நாய்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். பிடிவாதம் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவள் முகத்தில் தெரிவது குழப்பம். ரிங்குக்குள் உங்கள் நாய்க்கு என்ன நடந்தது, எது கைகொடுத்தது என்று நேரில் கண்டதை எழுதுங்கள்.

கோல்டன் ரிட்ரீவர் வைத்திருப்பவர்

குழப்பம்தான், சந்தேகமே இல்லை. திடலில் நாம் நாயோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். கொஞ்சுகிறோம், கை பைக்குள் போகிறது, தின்ன ட்ரீட் வருகிறது. ரிங்குக்குள் ட்ரீட்டும் கிடையாது, பொம்மையும் கிடையாது. கட்டளை ஒருமுறைதான். அதையே மறுபடி சொன்னால் மதிப்பெண் போகும், சில சோதனைகளில் அதுவே தோல்வி. இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று வாயை மூடிக்கொண்டு விறைப்பாக நடந்தால், ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றுதான் நாய் நினைக்கும்.

நாய்ப் போட்டிகளை நடத்தும் அமெரிக்கன் கென்னல் கிளப்பின் விதிகளில் மொத்தம் 200 மதிப்பெண். தேற 170 வேண்டும். அதோடு ஒவ்வொரு சோதனையிலும் பாதிக்கு மேல் எடுத்திருக்க வேண்டும். ஆகவே ஹீலில் அசத்திவிட்டு ரீகாலில் (கூப்பிட்டதும் வரும் சோதனை) வராமல் நின்றுவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடிக்க முடியாது.

எனக்கு வழி காட்டியவர் ரிங் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா. பல வருடங்களாக நாய்களைப் போட்டிக்குக் கொண்டுவருகிறவர். என் பையன், அதாவது என் நாய், ஹீலில் பின்தங்குவதைப் பார்த்துவிட்டு, "நாயைக் கூண்டில் விட்டுட்டு வாம்மா, நீ மட்டும் நடந்து காட்டு" என்றார். நடந்தேன். "ஹால்ட்" என்றார், நின்றேன். "அபௌட் டர்ன்" என்றார், திரும்பினேன். பாதி தூரத்திலேயே நிறுத்திவிட்டு என் இடது தோளைத் தொட்டார். நாய் வருகிறதா என்று எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தோள் ஒரு விரல்கடை பின்னால் போய்க்கொண்டிருந்தது. இடது தோள் பின்னால் போனால், பின்னால் வா என்று நாய்க்குச் சொல்வதாக அர்த்தம். நாயின் தலையிலிருந்து தோள் வரையிலான பகுதி நம் இடது இடுப்புக்கு நேராக வர வேண்டும் என்பது விதி. நாயோ நம் தோளைப் பார்த்துத்தான் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறது.

அன்றிலிருந்து நாய் இல்லாத நடைப்பயிற்சியை விட்டதே இல்லை. சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, ஒரே வேகத்தில், நிற்கும்போது எந்தக் கால் முன்னால், திரும்பும்போது எந்தக் கால் முதலில் என்று காலுக்குப் பழக்குவேன். கால் எடுத்து வைக்கும் முறை தினம் ஒன்றாக இருந்தால் எந்த நாயாலும் நேராக உட்கார முடியாது.

அந்த அம்மா சொல்லிக்கொடுத்த இன்னொன்று ட்ரீட் டப்பா பற்றியது. டப்பாவை ரிங்குக்கு வெளியே ஒரு நாற்காலியில் வைத்துவிடுங்கள், அதை வைப்பதை நாய் பார்க்கட்டும். வெறுங்கையோடு உள்ளே போய் நாலு எட்டு நடந்து ஹீல். நன்றாக வந்ததும் சந்தோஷமாக ஒரு சத்தம் போட்டுவிட்டு, இருவருமாக நாற்காலிக்கு ஓடிப்போய்க் கொண்டாட வேண்டும். பிறகு பத்து எட்டு நடக்கலாம். அப்புறம் ஹீலோடு ஒரு ரீகால். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டு போனால், கையில் எதுவும் இல்லாவிட்டாலும் பரிசு எங்கேயோ காத்திருக்கிறது என்று நாய் நம்பத் தொடங்கும். அந்த நம்பிக்கையோடுதான் அது ரிங்குக்குள் வேலை செய்கிறது. என் பையன் இப்போது ரிங் வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறான்.

ஒரு சோதனை முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் நாயைத் தட்டிக்கொடுக்கவும் பாராட்டவும் விதியில் இடம் இருக்கிறது. ஏனோ பாதிப் பேர் அந்த நேரத்தில் நடுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நேரம் நாய்க்குச் சொந்தமானது.

ஷெட்லாண்ட் ஷீப்டாக் வைத்திருப்பவர்

எங்களுக்குச் சிக்கல் ஹீலில் இல்லை, நடுவரிடம். தொடக்கநிலை வகுப்பான நோவிஸில் "ஸ்டாண்ட் ஃபார் எக்ஸாமினேஷன்" தெரியும்தானே? நாயை நிற்க வைத்து, ஸ்டே (அசையாமல் இரு) சொல்லிவிட்டு, ஆறு அடி தள்ளிப்போய் நிற்க வேண்டும். நடுவர் வந்து தலை, உடல், பின்பகுதி என்று தொட்டுப் பார்ப்பார். கால் நகரக் கூடாது, கூச்சப்பட்டு விலகக் கூடாது. ஷெல்டிகள் (ஷெட்லாண்ட் ஷீப்டாக்கின் செல்லப் பெயர்) இயல்பிலேயே அந்நியரைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்குகிறவை. மேலே குனியும் ஆள் உயரமாக இருந்து, தொப்பியும் போட்டு, கையில் அட்டையும் வைத்திருந்தால் அந்தச் சின்ன உடம்பு அப்படியே பின்னால் சாயும்.

ஒரு போட்டியில் பார்த்த நடுவரை மறக்க மாட்டேன். எல்லா நாயிடமும் ஒரே மாதிரிதான் போனார், யாருக்கும் சலுகை இல்லை. ஆனால் போகும் விதத்தில் ஒரு நிதானம். நேருக்கு நேர் விறுவிறுவென்று வராமல், நாய் தன்னைப் பார்க்க ஒரு கணம் விட்டு, பிறகு கையை நீட்டினார். என் பெண்ணின் உடம்பில் ஒரு நடுக்கம் ஓடியது கண்ணுக்குத் தெரிந்தது. கால் அசையவில்லை. நடுவர் விலகியதும் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் பக்கத்தில் போய் நின்று, "எக்ஸர்சைஸ் ஃபினிஷ்ட்" (சோதனை முடிந்தது) என்று நடுவர் சொன்ன பிறகுதான் மூச்சுவிட்டேன்.

அந்த நிலைக்கு அவளைக் கொண்டுவந்தது ஒரே ஒரு வேலைதான். தொப்பி போட்டவர், தாடி வைத்தவர், மழைக் கோட்டு, கைத்தடி, கறுப்புக் கண்ணாடி என்று விதவிதமான ஆட்களைத் தேடிப்பிடித்து, ஒருமுறை தொட்டதும் ஒரு ட்ரீட். தொடுகிறவர் தரக் கூடாது, நான்தான் தருவேன். இல்லையென்றால் நடுவரின் கையை நக்கத் தேடி நகர்ந்துவிடுவாள்.

குழு ஸ்டே பற்றியும் ஒன்று. முன்பெல்லாம் நோவிஸுக்கு அடுத்த ஓப்பன் வகுப்பில் நாய்களை வரிசையாக உட்கார வைத்துவிட்டு, அவற்றைக் கொண்டுவந்த ஹேண்ட்லர்கள் அவற்றின் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடுவார்கள். உட்கார்ந்திருக்கும் சிட் மூன்று நிமிடம், படுத்திருக்கும் டவுன் ஐந்து நிமிடம். பக்கத்து நாய் எழுந்து வந்து முகரத் தொடங்கினால் நம் நாயைக் காப்பாற்ற ஆள் கிடையாது. அப்படி ஒரு பெரிய நாய் வந்து முகர்ந்த பிறகு, வருடக்கணக்கில் ஸ்டேயில் அசையாத ஒரு கார்கி (குட்டைக்கால் நாய் இனம்) அடுத்த போட்டிகளில் உட்காரவே மறுத்ததைப் பார்த்திருக்கிறேன். 2018 மே மாதம் அந்தக் கண்மறைவு ஸ்டேக்களை விதியிலிருந்து எடுத்தார்கள். நோவிஸ் குழு ஸ்டேயிலும் இப்போது ஹேண்ட்லர் லீஷை (நாய்க் கயிற்றை) பிடித்துக்கொண்டு நிற்கிறார். பழைய ஆட்கள் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. சின்ன நாய் வைத்திருக்கும் எனக்கு இது நியாயமான முடிவு.

பூடில் வளர்ப்பவர்

பூடில்காரர்களுக்கு இந்த விளையாட்டின் மேல் கொஞ்சம் சொந்தம் கொண்டாடும் உரிமை உண்டு. அமெரிக்காவில் இதைத் தொடங்கிவைத்த ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் ஸ்டாண்டர்ட் பூடில் வளர்த்தவர். முடியை அலங்காரமாக வெட்டிய நாய்க்கு மூளை இருக்குமா என்று கேட்டவர்களுக்குப் பதிலாகத்தான் 1933இல் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில் முதல் போட்டியை நடத்தினார். வந்தவை எட்டு நாய்கள். 1936இல் கென்னல் கிளப் விதிகளை ஏற்றது. அடுத்த வருடம் அவரும் பயிற்சியாளர் பிளான்ச் சாண்டர்ஸும் பூடில்களை ஒரு ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றிக் காட்டினார்கள். நாய் சந்தோஷமாக வேலை செய்ய வேண்டும் என்பதைக் கண்ணால் காட்ட அதைவிட நல்ல வழி இல்லை.

என் அனுபவம் மேல்நிலை வகுப்பான யூட்டிலிட்டியின் மோப்பச் சோதனை. ஒரே மாதிரி தோல் துண்டுகளும் உலோகத் துண்டுகளும் தரையில் பரப்பியிருக்கும். அவற்றில் ஒன்றில் மட்டும் நம் கை மணம். நாய் அதைக் கண்டுபிடித்து எடுத்துவர வேண்டும். தோலில் ஒருமுறை, உலோகத்தில் ஒருமுறை. தொடக்கத்தில் துளையிட்ட பலகையில் மற்றத் துண்டுகளைக் கட்டிவைத்துப் பழக்கினேன். தவறானதைக் கவ்வினால் அது எழும்பி வராது, அவ்வளவுதான். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. சரியானது மட்டும் வாயோடு வரும்.

போட்டியில் என் பையன் குவியலை ஒரு சுற்றுச் சுற்றினான். ஒரு துண்டை வாயில் எடுத்தான். என் நெஞ்சு நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடி மூக்கை இறக்கினான். மூக்கு விரைவாக ஏறி இறங்குவது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. அங்கே நாம் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. கண்ணைக்கூடச் சிமிட்டக் கூடாது என்று தோன்றும். பிறகு ஒன்றை எடுத்தான், தலையை நிமிர்த்தினான், துள்ளிக்கொண்டு வந்தான். சரியான துண்டு.

ரிங்குக்குள் நாய் மாறுவதற்கு இந்த மூக்கும் ஒரு காரணம் என்பது என் கருத்து. 2022இல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதரின் வியர்வையையும் மூச்சையும் வைத்து அவர் பதற்றத்தில் இருந்தாரா இல்லையா என்று நாய்கள் பிரித்தறிவதைக் காட்டினார்கள். நாம் சிரித்த முகத்தோடு நுழைந்தாலும் மணம் உண்மையைச் சொல்லிவிடும். அதனால் உறவினர், நண்பர் என்று பத்துப் பேரை ரிங் ஓரத்தில் நிறுத்திவைத்து, எனக்கே பதற்றம் வரும்படி பயிற்சி செய்கிறேன். அந்த மணத்தோடும் ஹீல் உண்டு, ட்ரீட் உண்டு, விளையாட்டு உண்டு என்று அவனுக்குத் தெரியட்டும்.

பார்டர் காலி வைத்திருப்பவர்

சுருக்கமாக. நாங்கள் சர்வதேச நாய் அமைப்பான எஃப்.சி.ஐ.யின் விதிகளில் போட்டியிடுகிறோம். ஒவ்வொரு சோதனைக்கும் 10க்கு மதிப்பெண், அதைச் சோதனையின் கடினத்துக்கேற்ற எண்ணால் பெருக்குவார்கள். மொத்தம் 320, 256 அல்லது அதற்கு மேல் எடுத்தால் எக்ஸலன்ட். இங்கே நாய் துடிப்போடும் விருப்பத்தோடும் வேலை செய்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள். இயந்திரம் மாதிரி நடந்தால் கை தட்டல் வராது.

பார்டர் காலிகளின் தொல்லை சோர்வு இல்லை, முந்திக்கொள்வது. ஓடிவரும் வழியில் டவுன் சொல்லும் ரீகாலை நிறையப் பழக்கிய ஒரு நாயைப் பார்த்தேன். எந்த நேரமும் டவுன் வரலாம் என்று எதிர்பார்த்து, சாதாரண ரீகாலிலும் தயங்கித் தயங்கி வந்தது. உடைமையாளர் நல்ல அனுபவசாலி, உடனே புரிந்துகொண்டார். நேராகக் கூப்பிட்டுக் கால்களுக்கிடையே பந்தை எறிந்து விளையாடும் ரீகால்களைக் கூட்டினார், நடுவழி டவுனை எப்போதாவது மட்டும் வைத்துக்கொண்டார். வேகம் திரும்பி வந்தது. ஸ்டேயும் இப்படித்தான். ஸ்டேயில் விட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், கூப்பிடும் முன்பே கிளம்பிவிடும். பத்துக்கு எட்டு முறையாவது நாமே திரும்பிப் போய்ப் பக்கத்தில் நின்று பரிசு தர வேண்டும்.

நேராக உட்காராத நாய்க்கு, முன்னங்கால் இரண்டும் நிற்கும் அளவுக்கு ஒரு தாழ்ந்த மேடை வையுங்கள். முன்னங்கால் மேடையில் நிற்க, பின்பகுதியை மட்டும் சுற்றி நகர்த்தக் கற்றுக்கொடுங்கள். தனக்குப் பின்னங்கால்கள் இருப்பதே பல நாய்களுக்கு அப்போதுதான் தெரிகிறது.

கலப்பின நாய் வைத்திருப்பவர்

எங்கள் பெண் காப்பகத்திலிருந்து வந்தவள். 2010 ஏப்ரல் வரை அமெரிக்கன் கென்னல் கிளப் ஒபீடியன்ஸ் போட்டிகளில் கலப்பின நாய்களுக்கு இடமில்லை. இப்போது பதிவு செய்துகொண்டு எல்லோரோடும் போட்டியிடலாம். வந்த புதிதில் கதவு சாத்தும் சத்தத்துக்கே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். ரிங் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

நாங்கள் ராலி வழியாக உள்ளே வந்தோம். அதில் நடுவர் ஒவ்வொன்றுக்கும் கட்டளை போடுவதில்லை. வழியில் பலகைகள் இருக்கும், படித்துக்கொண்டே நாமே போக வேண்டும். முக்கியமாக, நாயோடு பேசிக்கொண்டே போகலாம். கோல்டன்காரர் சொன்ன அந்த அமைதி அங்கே இல்லை. கயிறு கட்டிய இடம், நடுவர், ஒலிபெருக்கி, கூண்டுகளில் குரைக்கும் நாய்கள் எல்லாம் அங்கேயும் உண்டு. என் குரல் மட்டும் கூடவே வரும். அதில் அவள் தைரியம் பிடித்த பிறகு, என் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். அப்புறம்தான் நோவிஸ்.

முதல் போட்டியில் ஹீல் மெதுவாகத்தான் வந்தது, மதிப்பெண் நிறையவே போயிற்று. நாயை உட்கார வைத்துவிட்டு ரிங்கின் மறுபக்கம் போய் லீஷை எடுத்துவரும் சோதனையில்தான் எனக்குக் கை நடுங்கியது. முதுகைக் காட்டிக்கொண்டு அவளை விட்டு நடக்க வேண்டும். லீஷை எடுத்துத் திரும்பினேன். அதே இடத்தில், நெஞ்சை நிமிர்த்தி, என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 170ஐத் தாண்டிவிட்டோம். ஷெப்பர்டுக்காரரே, உங்கள் நாய் ரிங்கில் தரையை முகர்ந்தால் இழுக்காதீர்கள், அதட்டாதீர்கள். சில மாதம் ராலியில் விட்டுப் பாருங்கள், பேசிக்கொண்டே போங்கள்.