ரிலீஃப் பிரிண்ட்டுக்கு என் ஓட்டு: மேட்டச்சு

எல்லாருக்கும் வணக்கம். அக்காவோட அச்சுப் படத்துக்கு மதிப்பீட்டுக் குறிப்பு எழுதுறோமே, அதுல ரிலீஃப் பிரிண்ட்டுக்கு (செதுக்கின கட்டையில மை தடவி எடுக்கிற படம்) தமிழ்ல என்ன சொல் போடலாம்ங்கிற பேச்சுக்கு இது என் பதில்.

> புடைப்புச் சிற்பம்னு ஏற்கனவே இருக்கே, பேசாம புடைப்பச்சுன்னே வச்சுட்டா என்ன?

ஐயா, வச்சுக்கலாம்தான், ஆனா புடைப்புன்னு படிச்சதுமே கல்யாணப் பத்திரிகைல பிள்ளையாரை எம்போஸ் பண்ணிருப்பாங்களே, அந்த மாதிரி காகிதமே தூக்கிட்டு நிக்கும்னு நினைச்சுக்குவாங்க. இங்க தூக்கி நிக்கிறது கட்டைதான். மரத்தையோ லினோலியத்தையோ செதுக்கி வேண்டாத இடத்தை எடுத்துட்டு, மிச்சம் நிக்கிற மேட்டுல மட்டும் ரோலரால மை தடவி ஒத்தி எடுக்கிறாங்க, அதனால மேட்டச்சு. எச்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால அரிச்சு எடுக்கிற படம்) மாதிரி பள்ளத்துல மை நிக்கிறதுக்கு குழியச்சு. ஜோடியும் பொருந்திடுது.

அக்கா அனுப்பின அடிங்க்ரா (கானாவுல துணியில குத்துற சின்னங்கள்) படத்துக்கும் இதே சொல்தான் தோது. திரும்பிப் பாக்கிற சங்கோஃபா பறவை, பக்கத்துல ஆட்டுக்கொம்பு த்வென்னிம்மென், சுத்தி கட்டம் கட்டமா கோடு. அந்தக் கட்டம் சும்மா அலங்காரம்னு குறிப்புல எழுதிடாதீங்க. கானாவுல குமாசி பக்கத்துல ந்டோன்சோன்னு ஒரு ஊர், அங்க துணியில முதல்ல சீப்பு மாதிரி ஒரு கருவியை சாயத்துல முக்கி கோடு இழுத்து கட்டம் பிரிச்சுட்டுதான் உள்ள முத்திரை குத்துவாங்க. முத்திரை சுரைக்குடுக்கை ஓட்டுல செதுக்கினது, சாயம் மரப்பட்டையைக் காய்ச்சிக் காய்ச்சி தார் மாதிரி கெட்டியாக்கினது. 1817ல அங்க போன பவுடிச்ங்கிற இங்கிலாந்துக்காரர் வாங்கிட்டுப் போன துணி ஒண்ணு இன்னும் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. யோசிச்சா அந்தச் சுரைக்குடுக்கையும் மேட்டச்சுதானே, இதுக்குப் போய் புடைப்பச்சுன்னா துணியில எது புடைச்சுது?

> ஆனா படத்தோட பின்பக்கம் தடவினா புடைச்சிருக்கே?

பிரஸ்ல அழுத்தி எடுத்தா அப்படித் தெரியும், கரண்டியால தேய்ச்சு எடுத்திருந்தா அவ்வளவா தெரியாது, பின்னாடி தேய்ச்ச இடம் பளபளன்னு இருக்கும். ரெண்டுமே கையால எடுத்ததுக்கு நல்ல அடையாளம், விலை சொல்றப்ப இதைத்தான் முதல்ல பாக்கணும். அப்புறம் ஒரு லென்ஸ் வச்சு கறுப்போட ஓரத்தைப் பாருங்க, மை பிதுங்கி விளிம்புல கொஞ்சம் தடிச்சு நிக்கணும். அதுக்கு மைவிளிம்புன்னு சொல்லலாமா? வெள்ளை இடத்துல உளி சரியா எடுக்காம விட்ட மேடு மை வாங்கி சின்னச் சின்னக் கீத்தா விழுந்திருக்கும், அது உளிக்கீத்து. நல்ல ஆளுங்க அதை வேணும்னே விட்டு வைப்பாங்க, பறவையோட கழுத்தைச் சுத்தி இருக்கிறது அப்படித்தான் தெரியுது. லென்ஸ்ல புள்ளி புள்ளியா தெரிஞ்சா ஆஃப்செட் நகல் (மெஷின்ல அடிச்ச காப்பி), மதிப்பீடே வேண்டாம், ஃப்ரேம் காசுதான்.

எடிஷனுக்கு, அதாவது ஒரே கட்டையில எடுத்த மொத்தப் படிகளுக்கு, பதிப்புன்னா புத்தகக் குழப்பம் வரும். கீழ பென்சில்ல 3/25ன்னு இருக்கிறதை "25 படியில் 3ஆவது"ன்னு எழுதிட்டுப் போவோம். ஓரத்தை வெட்டிருக்காங்களான்னு மட்டும் அக்கா ஃப்ரேமைக் கழட்டிப் பாத்துச் சொல்லணும், வெட்டிருந்தா விலை நல்லாவே இறங்கும். பழைய அட்டையோட அமிலம் ஏறி பழுப்பு அடிச்சிருந்தா அதையும் போட்டோ எடுத்து அனுப்புங்க.

மேட்டச்சுக்கு மறுப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க, குறிப்பை டைப் பண்ண ஆரம்பிக்கிறேன்.