பெரியப்பா அனுப்பிய ஃபார்வர்டு

குழு: நம்ம குடும்பம்

பெரியப்பா (மாலை 6:05): [ஃபார்வர்டு] எபோலா பரவும் ஊரில் சில வீடுகளுக்கு மட்டும் ஊசி! மற்றவர்களைச் சாக விடுகிறார்கள்! எல்லோருக்கும் பகிருங்கள்!!

பெரியப்பா (6:06): கவிதா, நீ தடுப்பூசி வேலையில் இருப்பவள். இது உண்மையா?

சித்தி (6:11): படிக்கவே நெஞ்சு பதறுகிறது. எல்லோருக்கும் போட்டுவிட்டால்தான் என்ன?

கவிதா (6:20): சில வீடுகளுக்கு மட்டும் போடுவது உண்மை, பெரியப்பா. சாக விடுவது பொய். டியூட்டியில் இருக்கிறேன், முடித்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை வேறு எங்கும் அனுப்பாதீர்கள்.

பெரியப்பா (6:22): இரண்டு குழுவில் போட்டுவிட்டேனே அம்மா.

கவிதா (இரவு 9:14): வந்துவிட்டேன். எபோலா, நோய் வந்தவரின் ரத்தம், வாந்தி போன்றவற்றைத் தொடுவதால் பரவும். அதனால் ஒருவருக்கு உறுதியானதும், அவரோடு பழகியவர்கள் யார், அவர்களோடு பழகியவர்கள் யார் என்று பட்டியல் எடுப்பார்கள். அந்த இரண்டு சுற்றுக்கும், மருத்துவப் பணியாளர்களுக்கும் முதலில் ஊசி. வளையத் தடுப்பூசி என்று பெயர். நோய் அடுத்து எந்த வீட்டு வாசலுக்குப் போகுமோ, அங்கே நாம் முந்திக்கொள்கிறோம்.

கவிதா (9:17): 2015இல் கினியாவில் இதைச் சோதித்தார்கள். உடனடியாக ஊசி போட்டுக்கொண்டவர்களில், 10 நாள் கழிந்த பிறகு ஒருவருக்கும் எபோலா வரவில்லை. ஆனால் எபோலாவில் பல வகை உண்டு, இந்த ஊசி ஸயர் என்ற வகைக்கு மட்டும்தான்.

அருண் (9:19): புதிதாகக் கண்டுபிடித்த முறையா அக்கா?

கவிதா (9:24): இல்லைடா, பெரியம்மைக் காலத்தது. 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் வில்லியம் ஃபேகி என்ற மருத்துவரிடம் எல்லோருக்கும் போடும் அளவு மருந்து இல்லை. அங்கிருந்த பாதிரிமார்களிடம் ரேடியோ இருந்தது. ஆளுக்கு ஒரு பகுதி பிரித்துக்கொண்டு, எந்த ஊரில் அம்மை இருக்கிறது என்று ஆள் அனுப்பி விசாரித்தார்கள். இருந்த மருந்தை அந்த ஊர்களைச் சுற்றியே போட்டார்கள். பெரும்பாலானோருக்கு ஊசி போடாமலேயே பரவல் நின்றது.

அருண் (9:26): சரி. எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று யார் முடிவு செய்வது? கோவிட் சமயத்தில் பணக்கார நாடுகள் முதலில் வாங்கிக்கொண்டனவே.

கவிதா (9:31): அந்தக் கோபம் எனக்கும் இன்னும் ஆறவில்லை. ஆனால் காலரா, மூளைக்காய்ச்சல், மஞ்சள் காய்ச்சல், எபோலா நான்குக்கும் அவசரக் கையிருப்பு தனியாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், எல்லைகளற்ற மருத்துவர்கள், செஞ்சிலுவைக் கூட்டமைப்பு நான்கும் சேர்ந்து 1997இல் அமைத்த குழுதான் பங்கிடுகிறது. பணம் பெரும்பாலும் கேவி (Gavi) என்ற சர்வதேசத் தடுப்பூசிக் கூட்டணியிலிருந்து வருகிறது. யாரிடம் காசு இருக்கிறது என்று பார்ப்பதில்லை, எங்கே பரவுகிறது என்று பார்க்கிறார்கள்.

சித்தி (9:33): அப்புறம் ஏன் பற்றாக்குறை என்கிறார்கள்?

கவிதா (9:40): காலராவைப் பற்றிச் சொல்கிறேன் சித்தி, இது என்னால் மறக்க முடியாதது. முறைப்படி அதன் தடுப்பு மருந்து ஆளுக்கு இரண்டு டோஸ். 2022இல் ஒரே நேரத்தில் பல நாடுகளில் காலரா வெடித்தது, மருந்து போதவில்லை. அக்டோபரில் அந்தக் குழு, பரவல் நடக்கும் இடங்களில் ஆளுக்கு ஒரு டோஸ்தான் என்று அறிவித்தது. ஒரு டோஸின் பாதுகாப்பு அதிக நாள் நீடிக்காது என்று தெரிந்தே எடுத்த முடிவு.

பெரியப்பா (9:42): அரைகுறை வேலை அல்லவா அது?

கவிதா (9:47): கையில் 100 டோஸ் இருக்கிறது, எதிரே 100 பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். 50 பேருக்கு முழுசாகப் போட்டு மீதி 50 பேரைத் திருப்பி அனுப்புவீர்களா? நானாக இருந்தாலும் ஒவ்வொன்று கொடுத்திருப்பேன். ஆனால் அப்படி ஒரு நிலைக்கு உலகம் வந்திருக்கவே கூடாது. காலரா மருந்து தயாரிக்கும் நிறுவனங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மாமா (9:52): நான் ஊசி என்றாலே ஓடுகிறவன். அங்கே மறுப்பவர்களை என்ன செய்வார்கள்?

கவிதா (9:58): கட்டாயப்படுத்துவதில்லை மாமா, உட்கார்ந்து பேசுவார்கள். சோமாலியாவில் மெர்கா ஊர் ஆஸ்பத்திரியில் அலி மாவ் மாலின் என்று ஒரு சமையல்காரர். ஊசி வலிக்கும் என்று பயந்து தவிர்த்தவர். 1977 அக்டோபரில் பெரியம்மை நோயாளிகள் வந்த வண்டிக்கு வழிகாட்ட ஏறினார், அந்தக் கொஞ்ச நேரத்தில் தொற்றிவிட்டது. அவரைச் சுற்றி இரண்டு வாரத்தில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டார்கள். இயற்கையாகப் பெரியம்மை வந்த கடைசி மனிதர் அவர்தான். பிழைத்துக்கொண்டார். பிறகு போலியோ சொட்டு மருந்துப் பணியில் சேர்ந்து, தன் கதையைச் சொல்லியே தாய்மார்களைச் சம்மதிக்க வைத்தார். 2013இல் அந்த வேலையில் இருக்கும்போதே மலேரியாவில் இறந்துபோனார்.

மாமா (10:03): இதைக் கேட்ட பிறகு நான் என்ன பேசுவது. விட்டுப்போன டோஸை நாளைக்குப் போட்டுக்கொள்கிறேன்.

பெரியப்பா (10:06): ஒரு குழுவில் அழித்துவிட்டேன். இன்னொன்றில் நிறையப் பேர் பார்த்துவிட்டார்கள், இருவர் மேலே அனுப்பியும் விட்டார்கள். நீ எழுதியதை அங்கே போடட்டுமா?

கவிதா (10:07): போடுங்கள் பெரியப்பா. அனுப்பிய இருவருக்கும் தனியாகவும் அனுப்புங்கள். ஸயர் வகைக்கு மட்டும் என்ற வரி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா (10:09): சரிம்மா. அந்தச் சமையல்காரரைப் பற்றியதையும் சேர்க்கிறேன்.