குரங்கு மிரட்டியதா, கொட்டாவி விட்டதா?

நாட்டுக் குரங்குகளின் நடத்தையைப் பதிவு செய்யும் வேலையில் நானும் ஒரு தோழியும் இருந்தோம். ஒரே குரங்கை இருவரும் தனித்தனியாகப் பார்த்து, ஒவ்வொரு நிமிடமும் அது என்னென்ன செய்தது என்று தாளில் டிக் போட வேண்டும். பிறகு இருவர் தாளும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்போம். தின்பது, பேன் பார்ப்பது, தூங்குவது இதிலெல்லாம் தகராறே இல்லை. 'மிரட்டல்' என்ற கட்டத்தில்தான் வம்பு. ஆண் குரங்கு வாயை அகலத் திறந்து கோரைப்பல்லைக் காட்டினால் அவள் மிரட்டல் என்பாள். எனக்கு அது கொட்டாவி. (பதற்றத்திலும் குரங்கு கொட்டாவி விடும், அதனால் அவள் கட்சியிலும் நியாயம் உண்டு.) கடைசியில், எதிரில் இருப்பதை முறைத்து, புருவத்தை ஏற்றி, வாயைத் திறந்தால் மட்டுமே மிரட்டல் என்று வரையறையை மாற்றி எழுதினோம்.

வேடிக்கை என்னவென்றால், விழுக்காட்டுக் கணக்கில் நாங்கள் அதற்கு முன்பே ஜோராக ஒத்துப்போயிருந்தோம்! எப்படி என்றால், 100 நிமிடத்தில் ஆளுக்கு 5 மிரட்டல் எழுதி, அதில் 2 மட்டும் பொருந்துகிறது என்று வையுங்கள். இருவருமே எதுவும் எழுதாத 92 நிமிடமும் சேர்ந்து 94 விழுக்காடு வந்துவிடும். உளவியலாளர் ஜேக்கப் கோஹென் 1960-இல் கொடுத்த கப்பா இங்கேதான் கைகொடுக்கிறது. தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்துவிட்டு ஒற்றுமையை அளக்கும் எண் அது, முழு ஒற்றுமை என்றால் 1. எங்கள் கணக்கில் தற்செயலாகவே 90.5 விழுக்காடு பொருந்திவிடும். மிச்சம் இருக்கும் 9.5-இல் நாங்கள் எட்டியது 3.5. ஆக கப்பா வெறும் 0.37. ஆய்வே மிரட்டலைப் பற்றியதுதான் எனும்போது அந்த 94-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது?

*

மேலே ஒருவர் எழுதிய குரங்குக் கதை படித்தேன், எங்கள் பக்கம் வேறு சிக்கல். சிறப்புக் குழந்தைகள் வகுப்பில் 10 நொடிக்கு ஒருமுறை 'கவனம் உண்டு, இல்லை' என்று குறிக்கிறோம். இருவர் குறித்தது 80 விழுக்காடு ஒத்துப்போனால் போதும் என்பது இந்தத் துறை வழக்கம். பையன் கையில் கிரேயான் ஓடும், கண் ஜன்னலில் இருக்கும். இதை எதில் சேர்ப்பது? பக்கத்தில் உட்கார்பவரோடு பேசிப் பேசி ஒரு வழக்கம் வந்துவிட்டது. எங்களுக்குள் நல்ல ஒற்றுமை. அப்புறம் புதிதாக ஒருவர் கையேட்டை மட்டும் படித்துவிட்டு வந்து குறித்தார், இருவரோடும் பொருந்தவில்லை. கையேட்டிலிருந்து நாங்கள் ஜோடியாகவே நகர்ந்திருக்கிறோம்.

சரிபார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பார்வையாளர்கள் கூடுதல் கவனமாகக் குறிப்பார்கள் என்று ஜான் ரீட் என்ற ஆய்வாளர் 1970-லேயே காட்டியிருக்கிறார். அதனால் எங்கள் மேற்பார்வையாளர் இப்போது சரிபார்க்கும் நாளைச் சொல்வதே இல்லை. வீடியோவில் ஏதோ ஒரு பகுதியை எடுத்து அவரே குறித்துப் பார்த்துக்கொள்கிறார்.