புதுப்பிப்பு: ஹெல்மெட்டில் ஆவி படிவது நின்றது

போன வாரம் கேட்டிருந்தேன்: மகளின் மாறுவேடப் போட்டிக்கு ஃபோம் ஷீட்டில் செய்த விண்வெளி வீரர் ஹெல்மெட், போட்ட இரண்டே நிமிடத்தில் முன்கண்ணாடியில் ஆவி படிகிறது, 9 வோல்ட் பேட்டரியில் ஃபேன் சீக்கிரமே சோர்ந்துவிடுகிறது, என்ன செய்யலாம் என்று.

பேட்டரியை விட்டுவிட்டு பவர் பேங்குக்கு மாறினேன். 5 வோல்ட், 40 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு. முதலில் இரண்டுமே காற்றை உள்ளே தள்ளின; ஆவி அப்படியேதான் இருந்தது. பின்பக்க ஃபேனைத் திருப்பி மாட்டி உள்காற்றை வெளியே தள்ள வைத்ததும் கண்ணாடி தெளிந்தது.

ஹெல்மெட்டுக்குள் வைத்த எல்இடி விளக்குகள் மூன்றும் அதே 5 வோல்ட்டில்தான், ஒவ்வொன்றுக்கும் கரண்டைக் கட்டுப்படுத்த 100 ஓம் ரெசிஸ்டர். வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் போனால் மீதி 2 வோல்ட்; 20 மில்லி ஆம்பியர் ஓடும். நெற்றியில் வைத்தபோது வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. தாடைப் பக்கம் இறக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒரு மறைப்பு ஒட்டினேன். சரியாகிவிட்டது.

அப்புறம் ஒரு கூத்து. ஃபேனை நிறுத்தி விளக்கை மட்டும் எரியவிட்டால் பவர் பேங்க் தானே அணைந்துவிடுகிறது. அவ்வளவு குறைந்த கரண்டை அது கணக்கிலேயே எடுப்பதில்லை. அதனால் இப்போது இரண்டுக்கும் ஒரே சுவிட்ச்.

ஃபேன் சத்தத்தில் நான் கூப்பிடுவது அவளுக்குக் கேட்பதில்லை. கேட்காத மாதிரி நடிக்கிறாளோ என்னவோ.