பேஜ் ஃபால்ட்: "பக்கப் பிழை" வேண்டாமே

வணக்கம்.

கணினிக் கலைச்சொற்களில், விர்ச்சுவல் மெமரிக்கு "மெய்நிகர் நினைவகம்" என்ற தமிழ்ச்சொல் நிலைத்துவிட்டது, அதைக் கிளற வேண்டாம். என் கவலை பேஜ் ஃபால்ட்டைப் பற்றியது. "பக்கப் பிழை" என்று எழுதினால், படிக்கிற மாணவர் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைப்பார். அங்கே பிழையே பெரும்பாலும் கிடையாது.

ஒரு நிரலைத் திறந்ததும் அது முழுவதும் ரேமில் ஏறிவிடுவதில்லை. பல கணினிகளில் நினைவகம் 4096 பைட் பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நிரல் தொடுகிற பக்கம் மட்டும் வந்தால் போதும். தொட்ட பக்கம் இல்லையென்றால், செயலி அந்த ஆணையை அப்படியே நிறுத்திவிட்டு இயங்குதளத்தைக் கூப்பிடும்; இதுதான் பேஜ் ஃபால்ட். இயங்குதளம் பக்கத்தைக் கொண்டுவந்து, எந்தப் பக்கம் ரேமில் எங்கே இருக்கிறது என்று குறிக்கும் பக்க அட்டவணையில் பதியும். அப்புறம் அதே ஆணை மறுபடி ஓடும். நடந்தது எதுவும் நிரலுக்குத் தெரியாது. 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இந்த ஏற்பாடு உண்டு.

எனவே "பக்கமின்மை" என்று முன்மொழிகிறேன். பக்கம் ரேமிலேயே இருந்து, அட்டவணையில் மட்டும் பதியாமல் இருந்தால்? நிரலைப் பொறுத்தவரை அப்போதும் பக்கம் இல்லைதான். அதைச் "சிறு பக்கமின்மை" என்போம். வட்டுவரை போக வேண்டியதைப் "பெரும் பக்கமின்மை" என்போம். கணினியின் வேகத்தைக் குலைப்பது பின்னதுதான். ரேமைத் தொட ஏறத்தாழ 100 நானோநொடி ஆகும். எஸ்எஸ்டி என்றால் பல பத்து மைக்ரோநொடி, சுழலும் வட்டு என்றால் பல மில்லிநொடி.

செக்மென்டேஷன் ஃபால்ட்டுக்குப் "பிழை" இருக்கட்டும். தனக்கு உரிமையில்லாத முகவரியைத் தொட்ட நிரல் உண்மையிலேயே தவறு செய்கிறது.

அடுத்து, த்ராஷிங். ஓடுகிற நிரல்களுக்கு அந்த நேரத்தில் வேண்டிய பக்கங்கள் ரேமின் அளவை மிஞ்சினால், இப்போது வெளியேற்றிய பக்கத்தையே அடுத்த கணம் திரும்ப இழுக்க வேண்டிவரும். லினக்ஸில் நினைவக நிலையைக் காட்டும் விஎம்ஸ்டாட் கட்டளையை ஓட்டிப் பாருங்கள்: வட்டிலிருந்து ரேமுக்கு வருவதைக் காட்டும் எஸ்ஐ, ரேமிலிருந்து வட்டுக்குப் போவதைக் காட்டும் எஸ்ஓ என்ற இரண்டு நெடுவரிசைகளும் இறங்காமல் நிற்கும், செயலியோ வட்டுக்காகக் காத்துக் கிடக்கும். வெளியேற்றிய பக்கங்களை வட்டில் வைக்கும் ஸ்வாப் கோப்பைப் பெரிதாக்கினாலும் இந்த மந்தம் தீராது. ரேமைக் கூட்ட வேண்டும், அல்லது சில நிரல்களை மூட வேண்டும். த்ராஷிங் என்ற சொல்லின் நேரடி மொழிபெயர்ப்பான "அடித்தல்" இந்த நிலைக்குச் சற்றும் பொருந்தவில்லை. "பக்க அலைக்கழிப்பு" சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வினையாக எழுதும்போது "கணினி அலைக்கழிகிறது" என்றால் போதுமா, அங்கேயும் "பக்க" வேண்டுமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.