ரோம மாகாண ஆளுநர்: ஒரே சொல் போதாது

அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில், ரோமப் பேரரசின் மாகாணங்களை ஆண்ட எல்லோரையும் ‘ஆளுநர்’ என்றே எழுதிவிடலாம் என்ற கருத்தைப் படித்தேன். பொதுப்பெயராக அது சரி. ரோமானியர்களுக்கும் ‘பிரேசெஸ்’ என்று ஒரு பொதுப்பெயர் இருந்தது. ஆனால் அதோடு நின்றுவிட்டால், அந்த அதிகாரம் அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்பது மறைந்துவிடும். வரலாற்று மாணவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

கி.மு. 27இல் அகஸ்டஸ் மாகாணங்களைப் பங்கிட்டபோது ஆசியா, ஆப்பிரிக்கா (இங்கே இவை மாகாணப் பெயர்கள், கண்டங்கள் அல்ல) போன்றவை செனட் சபையிடம் இருந்தன. அங்கே போனவர் புரோகான்சல். சீட்டுக் குலுக்கித்தான் தேர்வு, பெரும்பாலும் ஓராண்டுப் பதவி. சிரியா போலப் பெரும்படை நின்ற மாகாணங்களைப் பேரரசர் தன்னிடமே வைத்துக்கொண்டு, தன் சார்பில் ஒரு லெகாட்டஸை அனுப்பினார். அவர் எத்தனை காலம் இருப்பார் என்பது பேரரசரின் விருப்பம். எகிப்து தனிக் கதை. ரோமுக்குத் தானியம் தந்த அந்த நாட்டுக்குள் செனட்டர்கள் அனுமதியில்லாமல் நுழையவே முடியாது. அங்கே ஆண்டவர், செனட்டர்களுக்கு அடுத்த நிலையிலிருந்த குதிரைவீரர் வகுப்பைச் சேர்ந்த பிரிஃபெக்டஸ்.

இனி சொற்கள். லெகாட்டஸுக்குப் ‘பேராளர்’ பொருந்தும். ‘தூதர்’ என்றால் வேற்று அரசவைக்குப் போனவர் என்றே நினைக்கத் தோன்றும்.

கான்சல் என்பது ரோமக் குடியரசின் தலைமைப் பதவி. அப்படியானால் புரோகான்சலைப் ‘பதில் கான்சல்’ எனலாமா? இலங்கையில் பதில் அமைச்சர், பதில் நீதவான் என்று வழங்குவது அழகான வழக்குதான். ஆனால் அங்கே பதவிக்கு உரியவர் இல்லாதபோது இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார். ரோம அரசியல்வாதி சிசரோ கி.மு. 63இல் கான்சல், கி.மு. 51இல் சிலிசியா மாகாணத்துக்குப் புரோகான்சலாகப் போனார். அவர் யாருடைய இடத்தையும் நிரப்பவில்லை. கான்சலுக்கு உரிய அதிகாரம் ரோமுக்கு வெளியே அவருக்குத் தரப்பட்டது, அவ்வளவுதான். அதனால் ‘கான்சல்நிலை ஆளுநர்’ என்பதே என் பரிந்துரை.

புரோகியூரேட்டருக்குக் ‘காரியஸ்தர்’ என்பதைவிட நல்ல சொல் கிடைக்காது. முதலில் அது ஒருவருடைய சொத்தைக் கவனித்துக்கொண்ட ஆளின் பெயர். பேரரசரின் சொத்தையும் வரியையும் கவனித்தவர்கள் வழியாகத்தான் ஆட்சிப் பதவியாக வளர்ந்தது.

இயேசுவை விசாரித்த பிலாத்துவை, பிற்கால ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் புரோகியூரேட்டர் என்கிறார். 1961இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டில் ‘யூதேயாவின் பிரிஃபெக்டஸ்’ என்றிருக்கிறது. சமகாலக் கல்வெட்டை நம்புவதே முறை. பேரரசர் கிளாடியஸ் காலத்திலிருந்து அங்கே வந்த பேலிக்ஸ் போன்றவர்கள்தான் காரியஸ்தர்கள்.

பழைய தமிழ் விவிலியத்தைப் பாருங்கள். பிலாத்துவும் பேலிக்ஸும் ‘தேசாதிபதி’. சைப்ரஸில் இருந்த செர்கியுபவுலும் அகாயாவின் கல்லியோனும் வெறும் ‘அதிபதி’. பின்னவர் இருவரும் புரோகான்சல்கள். கிரேக்க மூலத்தில் இரண்டு சொற்கள் இருப்பதைக் கவனித்துத் தமிழிலும் பிரித்திருக்கிறார்கள். அந்த அக்கறை நம் பட்டியலிலும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பிரிஃபெக்டஸுக்கு இப்போதைக்குப் ‘பொறுப்பதிகாரி’ என்று வைத்திருக்கிறேன். ஒன்றின் மேல் பொறுப்பாக அமர்த்தப்பட்டவர் என்ற மூலப்பொருள் அதில் வருகிறது. ஆனால் காவல்நிலைய வாடை அடிக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள், மாற்றிவிடலாம்.